பூர்வீக வீடா, ஓட்டலா, மண்டபமா? செட்டிநாட்டு விசேஷத்துக்கு மாற்றுத்திறனாளி உறவினரை அழைக்கும் முன்

செட்டிநாட்டில் ஒரு கல்யாணமோ, அறுபது, எண்பது வயது நிறைவுக்குச் செய்யும் சாந்தியோ வைத்தால் பத்திரிகை எல்லா ஊருக்கும் போகிறது. பக்கவாதம் வந்த சித்தப்பாவுக்கும், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட மைத்துனருக்கும், கண்பார்வை போன அப்பத்தாவுக்கும் மட்டும் பத்திரிகையோடு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொள்கிறது: "உங்களால வர முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்றது முறை." இதைச் சொல்கிறவர்கள் யாரும் வீட்டு வாசலின் நிலைச் சட்டத்தையோ கழிவறைக் கதவையோ டேப் வைத்து அளந்திருக்க மாட்டார்கள். அளந்து பார்த்தால் முக்கால்வாசிப் பேர் வரலாம். எங்கே தங்குவது, எந்த வாசல் வழியாக வருவது, என்ன சாமான் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சக்கர நாற்காலியில் வருபவர் காரைக்குடியில் கழிவறை சரியாக இருக்கும் தரைத்தள அறையில் தங்கி, விசேஷ நேரத்துக்கு மட்டும் பூர்வீக வீட்டுக்கு வருவது நல்லது. பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பூர்வீக வீடே போதும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு வீட்டின் உள்ளே பின்பக்கம் இருக்கும் இரண்டாம் கட்டைப் போல அமைதியான இடம் எந்த ஓட்டலிலும் அமையாது, ஆனால் கொல்லைக் கதவுக்கு ஓர் ஆள் வேண்டும். ஊன்றுகோலோடும் வாக்கரோடும் வருகிற பெரியவர்கள் பத்துப் பேருக்கு மேல் என்றால் மண்டபம் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். இனி காரணங்கள்.

பூர்வீக வீடு: எத்தனை படி, எத்தனை நிலை?

தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறும் படிகளை எல்லோரும் பார்க்கிறார்கள். நாலு படி, ஒவ்வொன்றும் 7 அங்குலம் என்று வைத்தால் 28 அங்குல உயரம். சரிவுப் பாதைக்கான பொது விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். 28 அங்குலத்துக்கு 28 அடி சரிவு வேண்டும். அது வீட்டு வாசலில் ஆரம்பித்து எதிர்வீட்டுச் சுவருக்கே போய்விடும். அதற்காக 8 அடி அலுமினியச் சரிவுப் பலகையை வாங்கி நாலு படி மேல் சாய்த்தால் சரிவு ஒன்றுக்கு மூன்றரைக்கும் குறைவு. பின்னால் தள்ளுகிறவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் நாற்காலி பின்பக்கம் கவிழும். 8 அடிப் பலகை 8 அங்குல உயரத்துக்குத்தான். திடமான ஒருவர் பின்னால் நின்றால் 12 அங்குலம் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

முன்வாசலில் சிமெண்டு போட்டு நிரந்தரமாகச் சரிவு கட்டிவிடலாமே என்று ஒருவர் சொல்வார். இடம் இருந்தாலும் அதில் இரண்டு சிக்கல் உண்டு. முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. கோலாலம்பூரில் இருக்கும் பங்காளி வரைக்கும் சம்மதம் வாங்கியாக வேண்டும். வெளியே கட்டினால் தெருவும் வாய்க்காலும் உள்ளாட்சிக்குச் சொந்தம். வருஷத்துக்கு இரண்டு விசேஷம் நடக்கிற வீட்டுக்குக் கழற்றி மாட்டும் மரச்சரிவுதான் ஏற்றது.

அதைவிட நல்ல வழி பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. பின்தெரு வாசல் வண்டியும் விறகும் வந்துபோகவென்று வைத்தது, அதனால் அகலம் இருக்கும், படியும் குறைவாக இருக்கும். ஒரு படி, அல்லது மொத்தம் 12 அங்குலத்துக்குள் இரண்டு படி என்றால் 8 அடிப் பலகைக்குள் அடங்கிவிடும். "பின்வாசல் வழியா அழைச்சிட்டு வர்றதா? மரியாதையா இருக்காதே" என்ற தயக்கத்தை மதிக்கிறோம். அதை அவரிடமே கேளுங்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டு முன்வாசலில் ஏறுவதைவிடத் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி பின்வாசலில் நுழைவதைத்தான் பலர் விரும்புவார்கள். முன்வாசல் வழியாகத்தான் வருவேன் என்று அவர் சொன்னால் அதற்கும் வழி கீழே இருக்கிறது.

பின்வாசலில் எது தவறும் என்றும் சொல்ல வேண்டும். விசேஷத்தன்று அந்தப் பக்கம் சமையல்காரர்களின் ராஜ்யம். அண்டா, கேஸ் குழாய், காய்கறிக் கழிவு, ஈரத்தரை எல்லாம் அங்கேதான். சமையல் கான்ட்ராக்டரிடம் முதல் நாளே பேசி, பின்வாசலிலிருந்து இரண்டாம் கட்டு வரை 4 அடி அகலப் பாதைக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்குள் எதையும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். கேஸ் குழாய் அந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கவே கூடாது.

இனி நிலை. படியைவிட இதுதான் பலரை ஏமாற்றும். முகப்பிலிருந்து வளவுக்கு ஒரு நிலை, வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு இன்னொன்று, அறைக்கு அறை ஒன்று. ஒவ்வொன்றிலும் தரைக்கு மேல் நிற்கும் அடிக்கட்டை 3 அங்குலமும் இருக்கலாம், 6 அங்குலமும் இருக்கலாம். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. ஓர் அங்குலக் கட்டையில் இடித்தாலே நின்றுவிடும், வேகமாகத் தள்ளியிருந்தால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். அடிக்கட்டையை அறுக்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். நாலு பக்கமும் கொளுவிய சட்டத்தின் ஒரு பக்கம் அது. அறுத்தால் கதவு தொய்யும். வீட்டுப் பெரியவர்களுக்கு அது வேறு விதத்திலும் வலிக்கும்.

நிலைக்கு இரண்டு பக்கமும் சாய்வுள்ள மரப்பாலம் செய்வதுதான் வழி. ஊர்த் தச்சரே ஒரே நாளில் செய்துவிடுவார். 5 அங்குல நிலைக்கு ஒன்றுக்கு எட்டு என்ற சரிவில் இந்தப் பக்கம் 40 அங்குலம், அந்தப் பக்கம் 40 அங்குலம். கட்டைக்கு மேலே தட்டையாக ஒரு பலகை. 18 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் ஓர் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். உட்கார்ந்திருப்பவர் 80 கிலோ, இரும்பு நாற்காலி 18 கிலோ, தள்ளுகிறவர் 70 கிலோ என்று மூன்றும் ஒரே நேரத்தில் அதன் மேல் இருக்கும். சட்டத்தைத் தள்ளித் தள்ளி வைத்தால் பலகை தொய்ந்து நாற்காலி ஒரு பக்கம் சாயும். அகலம் குறைந்தது 3 அடி, இரண்டு ஓரத்திலும் 2 அங்குல வரம்பு. அடியில் ரப்பர் பட்டை ஒட்டியே ஆக வேண்டும். வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் வெறும் மரம் சறுக்கி ஓடும். மேல்பக்கம் கயிற்றுப் பாயை இறுக்கி அடித்தால் பிடிமானம் கிடைக்கும். பாலத்தில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள், தள்ளுகிறவர் கீழே நிற்கட்டும். முன்னோக்கி இறக்கினால் கால்தட்டு தரையில் குத்தும்.

கதவு அகலம். வாசற்கதவு இரட்டைக் கதவு. வழக்கமாக ஒரு கதவைத்தான் திறந்து வைக்கிறோம், அதில் நாற்காலி நுழையாது. இரண்டையும் திறந்தால் நுழையும். பல வருஷமாகத் திறக்காத கதவின் மேல்தாழ் துருப்பிடித்திருக்கும், அதை அன்றைக்குக் காலையில் சுத்தியால் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வளவைச் சுற்றியுள்ள அறைக் கதவுகள் இன்னும் குறுகல். சாதாரண மடக்கு நாற்காலியின் அகலம் 25 முதல் 27 அங்குலம், தானே உருட்டிக்கொள்கிறவருக்குக் கை போக இரண்டு பக்கமும் இடம் வேண்டும். 32 அங்குலத் திறப்பு கிடைத்தால் நிம்மதி. அது இல்லாத அறையில் படுக்கை போடுவதாகத் திட்டமிடாதீர்கள்.

கழிவறைதான் முடிவைத் தீர்மானிக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். படியேற நாலு பேர் கை கொடுப்பார்கள், கழிவறையில் கை கொடுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். கொல்லையில் மூன்று படி ஏறிப் போகும் கழிவறை, குந்தும் பீங்கான், 24 அங்குலக் கதவு. இது தெரிந்தவர்கள் முதல் நாள் இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வெயில் காலத்தில், பட்டுத்துணியில், எட்டு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்து, ஊர் திரும்பியதும் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். முதுகுத்தண்டு பாதித்தவர்கள் பலர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும். தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தாலே இரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறலாம். "முகூர்த்தம் முடியட்டும், அப்புறம் போகலாம்" என்று அவரிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வீட்டில் மேற்கத்திய பீங்கானோடு தரைத்தளக் கழிவறை ஏற்கெனவே இருந்தால், கதவு அகலத்தையும், பீங்கானின் பக்கத்தில் நாற்காலியை நிறுத்த 3 அடி இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருக்கை 18 அங்குல உயரம் இருந்தால் நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்காரலாம். கைப்பிடிக் கம்பியைப் பழைய காரைச் சுவரில் சாதாரண ஸ்குரூவால் மாட்டினால் ஆள் பிடித்ததும் பிடுங்கிக்கொண்டு வரும். சுவரின் உறுதி தெரியாவிட்டால் தரையில் நிற்கும் கழிவறைக் கைப்பிடிச் சட்டம் பாதுகாப்பானது.

அப்படிக் கழிவறை இல்லாவிட்டால், சக்கரம் வைத்த கமோட் நாற்காலியும் தாழ்ப்பாள் போட்ட தனி அறையும் ஒரு பகல்பொழுதுக்குப் போதும். இரவு தங்குவதற்குப் போதாது. பாத்திரத்தை இன்னொருவர் எடுத்துப்போய்க் கொட்ட வேண்டும், குளிக்கக் கிணற்றடிதான் என்றால் அவர் யார் வீட்டுக்கும் பாரமாக இருக்கிறோம் என்று குறுகிப்போவார். தங்குவதை ஓட்டலுக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஓட்டல்: பாரம்பரிய வீடும் புதிய லாட்ஜும்

கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டிப் பக்கம் பழைய வீடுகளையே ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அழகுக்காக அங்கே அறை போட ஆசை வரும். ஆனால் அமைப்பு உங்கள் வீட்டு அமைப்பேதான். அதே திண்ணை, அதே நிலை. கூடுதலாக ஒரு பொறியும் உண்டு. பழைய அறையின் ஒரு பகுதியைக் குளியலறை ஆக்கும்போது கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும் என்பதற்காகக் குளியலறைத் தரையை ஒரு படி உயர்த்திவிடுவார்கள். அறைக்குள் சுகமாக வந்து சேர்ந்தவர் குளியலறை வாசலில் 5 அங்குலப் படியில் நின்றுவிடுவார். "சக்கர நாற்காலிக்கு வசதி இருக்கா?" என்று போனில் கேட்டால் எல்லோரும் "இருக்கு சார், நம்ம பசங்க தூக்கிடுவாங்க" என்பார்கள். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி, எத்தனை நிலை? குளியலறைக்குள் இறங்கவோ ஏறவோ வேண்டுமா? குளியலறைக் கதவைத் திறந்த நிலையில் சட்டத்துக்குச் சட்டம் எத்தனை அங்குலம்? கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா? உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துவிட்டால் கதவைத் திறந்து உதவ முடியாது. கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? பழைய பர்மாத் தேக்குக் கட்டில்கள் சில நாற்காலி இருக்கையைவிட மிக உயரம். இதையெல்லாம் டேப் வைத்து வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அனுப்பத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

காரைக்குடியில் புதிதாகக் கட்டிய ஓட்டல்கள் பார்வைக்குச் சாதாரணம், பயனுக்கு மேல். லிஃப்ட் உண்டு, குளியலறை கொஞ்சம் பெரிது, மருந்துக்கடையும் மருத்துவமனையும் பக்கம். பார்க்க வேண்டியது மூன்று. லிஃப்ட் தரைமட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறதா, மூன்று படி ஏறித்தான் லிஃப்டா? நாலு பேர் நிற்கும் சின்ன லிஃப்டில் நாற்காலி பாதிதான் நுழையும். உள்ளே மூன்றரை அடிக்கு நாலரை அடியாவது வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா? மூன்றுக்கும் சரியான பதில் வந்தால், பாரம்பரிய ஓட்டலின் தூணையும் ஓவியத்தையும் பகலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். இரவில் படுப்பதற்குப் புது ஓட்டலே எங்கள் தேர்வு.

மண்டபம்

பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடமாகவே கருதுகிறது. இதை எடுத்துச் சொல்லிச் சரிவுப் பாதையும் கழிவறையும் கேட்பது உங்கள் உரிமை. சரிவு பெரும்பாலும் இருக்கும். ஆனால் சில இடங்களில் அது டிராலியில் அரிசி மூட்டை ஏற்றப் போட்ட செங்குத்துச் சரிவு. உயரத்தையும் நீளத்தையும் அளந்து ஒன்றுக்குப் பன்னிரண்டு வருகிறதா என்று பாருங்கள். சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்திலோ மாடியிலோ இருந்தால் விசேஷத்தின் பாதி அவருக்கு இல்லை. அவர் இருக்கும் தளத்திலேயே ஒரு மேசை போட்டு, குடும்பத்தார் நாலு பேர் அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள். தனியாகத் தட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது வேண்டாம். பந்தி மேசைக்கு அடியில் முட்டி நுழைய 27 அங்குலமாவது வெற்றிடம் வேண்டும், பெஞ்சை இழுத்துவிட்டால் நாற்காலி நுழையும். மணமேடை 3 அடி உயரம் என்றால் மணமக்கள் கீழே இறங்கி வந்து ஆசி வாங்கட்டும்.

சாந்தி செய்துகொள்கிறவரே நடக்க முடியாதவர் என்றால் மண்டபமா வீடா என்பதைவிட மணைதான் பெரிய கேள்வி. தரையில் போட்ட மணையில் உட்கார வைத்துக் கலசநீர் ஊற்றுவது வழக்கம். கைப்பிடி வைத்த, துருப்பிடிக்காத குளியல் நாற்காலியை மணைக்குப் பதில் வைக்கலாமா என்று சாஸ்திரிகளிடம் முன்னதாகவே கேளுங்கள். சக்கர நாற்காலியிலேயே ஊற்றினால் மெத்தை நனைந்து, ஈரத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, படுக்கைப்புண் வந்துவிடும்.

நடப்பவர்களுக்கு வேறு கணக்கு

பார்வை இல்லாதவருக்குச் செட்டிநாட்டு வீடு எதிரி என்று நினைக்க வேண்டாம். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி ஒரே நேர்கோட்டில் கட்டிய வீடு அது. முதல் நாள் மாலையே வந்து, கைத்தடியோடு இரண்டு முறை நடந்து, எத்தனை நிலை, எத்தனை தூண் என்று எண்ணிக்கொண்டால் மனத்தில் படம் பதிந்துவிடும். ஓட்டல் நடைபாதையைவிட இது எளிது. ஆபத்து வளவின் விளிம்பில் இருக்கிறது. நடை சட்டென்று முற்றத்துக்குள் இறங்கும், கைத்தடிக்குத் தெரியும் முன் கால் போய்விடும். விளிம்புக்கு 2 அடி முன்னாலேயே கயிற்றுப் பாயை நீளமாக விரித்தால் பாதத்துக்கு எச்சரிக்கை கிடைக்கும். அவர் வீட்டைப் பழகிக்கொண்ட பிறகு நாற்காலிகளை இடம் மாற்றினால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு மண்டபத்தின் ஒலிபெருக்கிதான் பெரும் துன்பம். வீட்டில் கெட்டிமேளம் முகப்பில் முழங்கினாலும் இரண்டாம் கட்டு அறைக்குத் தடித்த சுவர் காவல். அவனுக்குப் பழக்கமான தலையணை, தண்ணீர், காதை மூடும் ஹெட்போன், ஒரு தெரிந்த முகம். இது போதும். ஆனால் கொல்லையில் கிணறு, வெளியே ஊருணி. கூட்டத்தில் எல்லோரும் அவன் இன்னொருவரோடு இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். பின்வாசலுக்கு மணிக்கு ஒருவர் என்று பெயர் எழுதிக் காவல் போடுங்கள், கிணற்றுக்குக் கம்பி வலை மூடி இல்லாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள்.

காது கேளாதவருக்கு இடம் எதுவானாலும் செய்தி போய்ச் சேர வேண்டும். எத்தனை மணிக்கு வேன், எப்போது பந்தி என்பதை மைக்கில் மட்டும் சொல்லாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்.

வந்து சேர்வது

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸா, இரவு ரயிலா? பல்லவன் எழும்பூரில் புறப்பட்டுக் காரைக்குடியிலேயே முடிகிறது. ஏறவும் இறங்கவும் அவசரமே இல்லை என்பது பெரிய நன்மை. ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் காரைக்குடியில் சில நிமிடம்தான் நிற்கும், அதுவும் அரைத் தூக்கத்தில். ஆனாலும் முதுகுத்தண்டு பாதித்தவர் ஆறேழு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வரக் கூடாது, அவருக்குப் படுக்கை கிடைக்கும் இரவு ரயிலே சரி. இறங்க இரண்டு ஆட்களை நடைமேடையில் நிற்க வைத்து, பெட்டி எண்ணை முன்பே சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்குப் பல்லவன்.

துணையின்றிப் பயணம் செய்ய முடியாத உடலியக்கக் குறைபாடு, முழுப் பார்வையின்மை, அறிவுசார் குறைபாடு ஆகியவை உள்ள பயணிக்கும், அவருக்குத் துணை வருபவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றாம் ஏசி, ஏசி சேர் காரில் 75 சதவீதமும், இரண்டாம் ஏசி, முதல் ஏசியில் 50 சதவீதமும் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வே தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிட்டால் இணையத்திலேயே பதிவு செய்யலாம். அது கைக்கு வர நாளாகும், பத்திரிகை வந்த பிறகு விண்ணப்பித்தால் இந்த விசேஷத்துக்கு உதவாது.

விமானம் என்றால் மதுரையோ திருச்சியோ, இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நாற்காலி உதவி வேண்டும் என்று விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லுங்கள். பேட்டரி நாற்காலி என்றால் பேட்டரி வகையையும் சேர்த்து. அங்கிருந்து வாடகைக் கார். எல்லோரும் இன்னோவா பிடிப்பார்கள். அதன் இருக்கை சக்கர நாற்காலியைவிட உயரம், கால் ஊன்ற முடியாதவரைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். சாதாரண செடான் காரின் முன் இருக்கை ஏறக்குறைய நாற்காலி உயரத்தில் இருக்கும், பலகை வைத்து நகர்ந்துகொள்ளலாம். ஆனால் டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கும் டாக்சியில் நாற்காலி நுழையாது. அதையும் கேட்டுவிடுங்கள்.

கோயிலும் உண்டு திட்டத்தில். பிள்ளையார்பட்டி குன்றின் அடிவாரத்தில் இருப்பதால் அங்கே நாற்காலியோடு முயலலாம். குன்றக்குடியில் முருகனைப் பார்க்கப் படியேற வேண்டும். ஒரே நாளில் இரண்டும் என்றால் அவருக்குப் பிள்ளையார்பட்டியை நிதானமாகக் காட்டுங்கள்.

படியில் தூக்குவது என்று அவரே சம்மதித்தால்

நாற்காலியைப் பின்னோக்கித் திருப்பி, பின்சக்கரம் படியில் முட்டும்படி நிறுத்துங்கள். பலசாலி மேலே நின்று தள்ளும் கைப்பிடியைப் பிடிக்கட்டும், இன்னொருவர் கீழே நின்று இருக்கைக்கு அடியிலுள்ள சட்டத்தைப் பிடிக்கட்டும். நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்து, பெரிய சக்கரத்தைப் படி படியாக உருட்டி ஏற்றுவதுதான் முறை. கைதாங்கியையும் கால்தட்டையும் பிடிக்கவே கூடாது, அவை கழன்று வருவதற்கென்றே செய்தவை. கைப்பிடியின் ரப்பர் உறை தளர்ந்திருந்தால் கையோடு வந்துவிடும், முன்பே இழுத்துப் பாருங்கள். இடுப்புப் பட்டி போட்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் "ஒன்று, இரண்டு" சொல்ல வேண்டும், அவர் நாற்காலியில் இருப்பவராகவே இருந்தால் இன்னும் நல்லது. பேட்டரி நாற்காலியை ஆளோடு தூக்க நினைக்காதீர்கள், அதன் எடை வேறு.

உதவிகளை எங்கே கேட்பது?

மூன்று நாளுக்கு நாற்காலியும் கமோட் நாற்காலியும் வேண்டும் என்றால் வாடகைக்குத் தரும் மருத்துவச் சாதனக் கடைதான் வழி. அரசு அலுவலகம் தருவது நிரந்தரமாக இங்கே வசிப்பவருக்கு. வாடகை நாற்காலி பெரும்பாலும் 18 அங்குல இருக்கை. மெலிந்தவர் ஒரு பக்கமாகச் சரிவார். சொந்த நாற்காலியும் மெத்தையும் இருப்பவர் அதையே கொண்டுவரட்டும்.

ஊரிலேயே வசிப்பவருக்குச் செட்டிநாட்டில் ஒரு குழப்பம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். கடியாபட்டி, ராயவரம், கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடிதான் பக்கம் என்று போய், தவறான ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். ஆதாரில் எந்த மாவட்டமோ அந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான்.

அங்கே எல்லாவற்றுக்கும் முதல் சாவி மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (யுடிஐடி). இணையத்தில் விண்ணப்பித்து, மருத்துவக் குழுவிடம் காட்டி வாங்க வேண்டும். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அட்டை வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். 40 சதவீதம்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல். பக்கவாதம் வந்த சில மாதங்களிலேயே சதவீதம் போடச் சொல்லி அலையாதீர்கள். நிலைமை மாறக்கூடியது என்று தற்காலிகச் சான்றாகவே தருவார்கள், மறுபடி போக வேண்டியிருக்கும்.

நாற்காலி, செவிப்புலன் கருவி போன்றவற்றுக்கு இரண்டு வழி. உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் ஏடிப் (ADIP) திட்டத்தில், அந்தக் கருவிகளைச் செய்யும் அரசு நிறுவனமான அலிம்கோ நடத்தும் முகாமில், மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இலவசம், 30,000 வரை பாதி விலை. ஆனால் அளவெடுக்கும் முகாம் ஒரு நாள், வழங்கும் முகாம் வேறு நாள், நடுவே மாதங்கள் ஓடும். மாநில அரசின் வழியில் எந்த நாளும் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், பிறகு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலைக்கோ படிப்புக்கோ உடனே வேண்டியவர் இரண்டையும் நம்பி வீட்டுக்குள் முடங்க வேண்டாம். எளிய நாற்காலி ஒன்றை வாங்கிக்கொண்டு, விலை உயர்ந்த பேட்டரி வண்டிக்கு விண்ணப்பிப்பது நல்லது. ஒரே பொருளை இரண்டு இடத்தில் வாங்கினால் அடுத்த முறை நிராகரிப்பு வரும்.

வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்ய, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் உண்டு. பள்ளிக்கு வர முடியாதவனுக்கு வீட்டில் வந்து கற்பிக்கும் ஏற்பாடும் அதில் அடக்கம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்று தனித் துறை இருக்கிறது, எந்தப் பயிற்சி யாருக்கு என்று வழி கேட்க நல்ல இடம். டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளியும் துணை வருபவர் ஒருவரும் இலவசமாகப் போகலாம். படி உயரம் என்பதால் நாற்காலியில் இருப்பவருக்கு அது உதவுவதில்லை, மற்றவர்களுக்கு மாதாமாதம் மிச்சம்.

விசேஷம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது மரப்பாலங்களை விறகோடு சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் "முகப்பு நிலை, 5 அங்குலம்", "இரண்டாம் கட்டு, 4 அங்குலம்" என்று பெயிண்டால் எழுதி, கரையான் படாமல் செங்கல் மேல் அடுக்கி வைத்து, சாவி வைத்திருக்கும் பங்காளியிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.